குருட்டோடையில் புகை

நிக்கோலாசாவுக்கு முன்னால் அவள் வாய் நடக்கும் என்று ஆற்றோரத்துச் சான் பத்ரிசியோ ஊரில் சொல்வார்கள். ஆள் படகுத்துறைக்கு வந்து சேர்வதற்குள் பேச்சு வந்து சேர்ந்துவிடும். அந்த வாய்தான் அவளை இந்த வம்பில் இழுத்துவிட்டது. அதுவும் போனில்.

மகள் யாதிராவுக்குக் குவயாக்கில் நகரத்தில் வேலை. அங்கேயே வில்மெர் என்று ஒரு பையனைப் பார்த்து, பேசி, பழகி, இனிப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் போதும் என்கிற இடத்துக்கு வந்திருந்தாள். பையனின் அம்மா செனைதா, துறைமுகத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மட்டிக்கு அவள் கடை பேர்போனது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் பேச வருகிறேன் என்று அவளே கூப்பிட்டாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, யாதிராவைக் கூட்டிக்கொண்டு தான் மட்டும் வருவதாகச் சொன்னாள். குரல் தேனாக இருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சாப்பாட்டுப் பேச்சு வரும் வரைக்கும்.

"ரொம்பச் சிரமப்பட வேணாம் சம்பந்தியம்மா. ஒரு கோழி அடிச்சாப் போதும். மட்டி கிட்டின்னு தேடிக்கிட்டு அலையாதீங்க. இப்பல்லாம் எங்க இருக்கு நல்ல மட்டி? சட்டைப் பொத்தான் மாதிரில்ல வருது."

அவள் பரிவாகத்தான் சொன்னாள். ஆனால் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்கியே பிள்ளையை வளர்த்தவள் காதில் அது பரிவாக விழுமா? உன் வீட்டு அடுப்பில் நெருப்பு இருக்காது, நானே தீப்பெட்டி கொண்டுவருகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது நிக்கோலாசாவுக்கு. மறுநிமிஷம் வாய் முந்திக்கொண்டது.

"நீங்க வந்து பாருங்க. உங்க உள்ளங்கை நெறைய ஒரு மட்டி, அந்த மாதிரி ஒரு தட்டு நெறைய வைக்கிறேன். வைக்கலைன்னா என் பேரு நிக்கோலாசா இல்லை."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. நம்பாதவர்கள் சிரிக்கிற மரியாதையான சிரிப்பு. போனை வைத்த பிறகுதான் நிக்கோலாசாவுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. உள்ளங்கை நிறையும் மட்டிக்கு எங்கே போவது?

ஆற்றுக்கு அக்கரையில் இறால் பண்ணைக்காரர்கள் வந்து அலையாத்திக் காட்டை வெட்டிக் குளம் தோண்டியதிலிருந்தே மட்டிக்குக் கேடுகாலம். இறாலுக்கு நோய் வந்ததும் அவர்கள் குளத்தை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மரம் மட்டும் திரும்ப வரவில்லை. அக்கரையில் பொறுக்கிய பெண்களும் இக்கரைக்கே வந்தார்கள். இருந்த ஓடைகளில் எல்லாக் கையும் விழுந்தது. மட்டி வளர நேரமில்லாமல் சிறுத்தது. அளவு பார்க்கிற கம்பி வளையத்துக்குள் நுழைந்து விழுகிற மட்டியைத் திருப்பிச் சேற்றில் போட வேண்டும் என்பது பெண்கள் சங்கத்தின் விதி. போகப் போக, வளையத்தில் நிற்கிற மட்டியைவிட விழுகிற மட்டியே அதிகம் என்றாகிவிட்டது.

அப்போதுதான் சங்கத் தலைவி எர்மெலிந்தா குருட்டோடையை மூடிவிடலாம் என்றாள். ஒரே வாய், உள்ளே போனால் முட்டிக்கொண்டு நிற்கிற ஓடை அது. காவல் காக்க வசதி. நடுவில் ஒரு கார்மேல் மாதா திருவிழா போகட்டும், அதற்கடுத்த திருவிழா முடிந்து எல்லோரும் சேர்ந்து இறங்குவோம், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். கூட்டத்தில் எதிர்த்தது நிக்கோலாசா ஒருத்திதான். மட்டிக்கு விடுமுறை விடுகிறீர்களா, அப்படியே சம்பளமும் கொடுத்துவிடுங்கள் என்றாள். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கின இடத்துக்குப் பூட்டா என்றாள். பேசிப் பேசித் தொண்டை கட்டியபோது எர்மெலிந்தா சாவகாசமாகச் சொன்னாள், சரி, குருட்டோடைக்கு நிக்கோலாசாதான் காவல் என்று. அதிகம் கத்துகிறவளைத்தானே காவலுக்கு வைக்க வேண்டும்? எர்மெலிந்தா யாதிராவுக்கு ஞானத்தாய் வேறு. தட்ட முடியவில்லை.

வேண்டாவெறுப்பாக ஏற்ற காவல்தான். ஆனால் நிக்கோலாசாவிடம் எதையும் அரைகுறையாகக் கொடுக்க முடியாது. அந்த ஆற்றிலேயே அவளைப் போன்ற காவல்காரி இல்லை என்று பேராயிற்று. சொந்தக் கொழுந்தன் ஃபௌஸ்தோ ஒரு நாள் ஒரு கை மட்டி எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் காட்டி, ஒண்ணே ஒண்ணுதானே மதினி என்று இளித்தபோது, இடுப்பளவு சேற்றில் நிற்க வைத்து ஒவ்வொன்றையும் திரும்பப் புதைக்க வைத்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த தண்டனையே சங்கத்தின் சட்டமானது. எடுத்தவர்கள் தங்கள் கையால் புதைக்க வேண்டும். பிறகு பாசிலிசா கட்டுகிற கேலிப்பாட்டை வாயைத் திறக்காமல் நின்று கேட்க வேண்டும். பாசிலிசா எதிர்வீட்டுக்காரி, அவள் பாட்டில் மாட்டியவர்கள் ஒரு மாதம் தலை நிமிர மாட்டார்கள்.

போகப் போக நிக்கோலாசாவுக்கு அந்த ஓடை சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் வற்றுகிற நேரம் தோணியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். சேற்றுக்குள்ளிருந்து டக், டக் என்று மட்டிகள் வாய் மூடுகிற சத்தம். முன்னே அங்கொன்று இங்கொன்று கேட்டது, இப்போது மழை சொட்டுகிற மாதிரி. நீல நண்டுகள் வேருக்கு வேர் ஓடின. ஊரில் யாராவது கேட்டால் மட்டும், என்னத்த காவல், கொசுக்கடிதான் மிச்சம் என்பாள்.

அந்த வாரம் அவள் மற்ற ஓடைகளில் எல்லாம் இறங்கிப் பார்த்தாள். வேருக்கடியில் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். வந்ததெல்லாம் வளையத்தில் வழுக்கி விழுகிற சாதி. பத்துக்கு ஒன்று நின்றால் அதுவும் செனைதா சொன்ன பொத்தானுக்கு அண்ணன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். கோழி அடிப்பதா? அடித்தால் செனைதா சாப்பிடுவாள், நன்றாக இருக்கிறது என்பாள், அதே சிரிப்பைச் சிரிப்பாள். அந்தச் சிரிப்போடு மகள் அந்த வீட்டில் காலமெல்லாம் குடித்தனம் பண்ண வேண்டும். உங்க அம்மா வாய்ச்சவடால்தானே என்று எந்தப் பேச்சிலும் வரும்.

ஒரு தட்டுதானே, என்று தோன்றியது. அது ஃபௌஸ்தோவின் குரலில் தோன்றியதை அவள் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை வியாபாரியின் படகு வரும். மட்டி பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் துறையில் நிற்பார்கள். காட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. காவல் சுற்றிவிட்டு வருகிறேன் என்று எர்மெலிந்தாவிடம் சொல்லிவிட்டு நிக்கோலாசா தோணியைத் தள்ளினாள். பொய்யும் இல்லை. சுற்றத்தான் போனாள்.

ஓடைக் கடைசியில், வேர்கள் பந்தல் போட்ட மாதிரி வளைந்து நிற்கிற இடத்தில் தோணியைக் கட்டினாள். கையுறையை மாட்டினாள். மாதா பெயரைச் சொல்லி நெற்றியில் சிலுவை போட்டாள். தேங்காய்க் கதம்பையை, பழைய பால்மாவு டப்பாவில் செய்த புகைச்சட்டியில் திணித்துப் பற்றவைத்து, ஊதி, புகை கிளம்பியதும் பக்கத்து வேரில் மாட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். சேற்றில் இறங்குகிற பெண்களுக்குப் புகையில்லாமல் காரியமில்லை. கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். கதவைத் திறந்தால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, இறங்கினால் புகை. யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது.

முதல் முறை கையை விட்டதுமே விரல்கள் சிரித்துவிட்டன. மட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை, அதுவே வந்து கைக்குள் உட்கார்ந்தது. கருத்து, கனத்து, வரிவரியாக, ஒவ்வொன்றும் உள்ளங்கையை மூடி விளிம்பைத் தாண்டியது. எடுத்த ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் எடுக்கிறோம் என்பதே மறந்து, எப்படி வளத்திருக்கோம் பாரு என்று சேற்றைப் பார்த்துச் சொன்னாள். வாளி நிரம்பி வருகிற நேரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டது.

நிக்கோலாசா நிமிர்ந்தாள். வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"யாருடா அது மூடுன ஓடைக்குள்ள? நில்லு அங்கேயே."

கத்தி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. அதற்குள் வளைவில் முதல் தோணி வந்துவிட்டது. முன்னால் எர்மெலிந்தா, கையில் துடுப்பைத் தடி மாதிரி பிடித்துக்கொண்டு. பின்னால் இன்னொரு தோணியில் பாசிலிசாவும் மற்றப் பெண்களும்.

"நீ முந்திட்டியா புள்ள? நல்லதாப் போச்சு. திருடன் எங்க? புகையைப் பாத்துட்டுத்தான் ஓடியாந்தோம். தொறையில நின்னா மாதா கோயில் தூண் மாதிரி தெரியுது" என்றாள் எர்மெலிந்தா.

நிக்கோலாசா மெல்லத் தலையைத் தூக்கினாள். காற்றே இல்லாத காலை. அவள் புகைச்சட்டியிலிருந்து கிளம்பிய புகை இலைகளுக்கு நடுவே புகுந்து, காட்டுக்கு மேலே, வெள்ளையாக, நேராக, ஊருக்கே கொடி ஏற்றின மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"ஓடிட்டான்" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

நிக்கோலாசா சேற்றுக் கையை வேர்கள் பக்கம் ஆட்டினாள்.

"இது குருட்டோடை புள்ள. நாங்க வந்த வாய்தான் ஒரே வாய். எங்க தலை மேல மிதிச்சுக்கிட்டா ஓடினான்?"

பாசிலிசா எட்டிப் புகைச்சட்டியைப் பார்த்தாள். "சட்டியைப் போட்டுட்டுல்ல ஓடியிருக்கான், பாவம். அவன் வீட்டுப் பால்மாவு டப்பாவுலயும் நம்ம மதினி வீட்டு டப்பா மாதிரியே செவப்புக் கோழி படம். அதே எடத்துல நசுங்கல்."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினாள். நிக்கோலாசா இன்னொரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது தோணி வளைவில் திரும்பியது. அதில் யாதிரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், வெள்ளைக் காற்சட்டையும் பூப்போட்ட செருப்புமாக, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, கனத்த உடம்புக்காரி ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைப் படகு ஓடாது என்று தெரிந்து ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். துறையில் இறங்கி நிக்கோலாசா எங்கே என்று கேட்டபோது ஊரே தோணியில் ஏறிக்கொண்டிருந்தது. எங்க காவல்காரிதான் அவ, திருடன் எங்கயோ அங்க இருப்பா, வாங்க நேர்லயே பாக்கலாம் என்று பெருமையாகச் செனைதாவையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நிக்கோலாசா சேற்றில் நின்றபடி சம்பந்தியைப் பார்த்தாள். தொடை வரை சேறு, முகத்தில் சேறு, பக்கத்தில் வாளி. இதைவிடக் கோழியே அடித்திருக்கலாம்.

"திருடன் இல்லை" என்றாள். "திருடி. நான்தான்."

ஓடை முழுக்க மட்டிகள் டக், டக் என்றன.

"போன்ல வாயை விட்டுட்டேன் சம்பந்தியம்மா. உங்க தட்டுல போடத்தான் எடுத்தேன். ஆனா இது உங்க தட்டுக்கு வராது. வந்த வழியே போகணும். இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்."

செனைதா தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாளியிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கினாள். உள்ளங்கையில் வைத்தாள். கை மறைந்தது. திருப்பிப் பார்த்தாள், எடை பார்த்தாள், கடைக்காரப் புத்தியோடு மோந்தும் பார்த்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"கால் வைக்கிற எடமெல்லாம்."

"யாரு இதைக் காவல் காத்தது?"

பெண்கள் எல்லோரும் சேற்றில் நின்றவளைக் கை காட்டினார்கள். அப்புறம்தான் அடக்கி வைத்த சிரிப்பு அவிழ்ந்தது. தும்மினவள் தோணியிலேயே சாய்ந்துவிட்டாள். யாதிராகூட விரல் இடுக்கு வழியாகச் சிரித்தாள். வெட்கத்தில் நிக்கோலாசாவுக்குக் காது சூடேறியது. ஆனாலும் ஒன்று கவனித்தாள்: சம்பந்தி சிரிப்பது போனில் கேட்ட சிரிப்பு இல்லை.

காவலுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று யாரோ சொன்னார்கள். எர்மெலிந்தா மறுத்துவிட்டாள். "எதுக்கு மாத்தணும்? தானே திருடினாலும் ஊருக்குப் புகை போட்டுச் சொல்லிட்டுத் திருடற காவக்காரி வேற எங்க கெடைப்பா?"

தண்டனை மட்டும் குறையவில்லை. நிக்கோலாசா வாளியைத் தூக்கிக்கொண்டு வேர் வேராகப் போய் ஒவ்வொன்றையும் புதைத்தாள். பாதி முடிந்தபோது பின்னால் தொப்பென்று சத்தம். செனைதா காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்காக எடுத்ததில் பாதி என் பாவம் என்றாள். இரண்டடி வைத்ததும் இடது காலைச் சேறு பிடித்துக்கொண்டது. பிடுங்கியபோது கால் வந்தது, செருப்பு வரவில்லை. மூன்று பெண்கள் கை விட்டுத் துழாவியும் கிடைத்தது மட்டிதான். சம்பந்திக்கு எப்படிப் புதைப்பதென்று தெரியவில்லை. நிக்கோலாசா அவள் கையைப் பிடித்து, வாய் மேலே, இப்படி, அழுத்தாமல், என்று ஒன்றை வைத்துக் காட்டினாள்.

துறைக்குத் திரும்பும்போதே பாசிலிசா பாட்டைக் கட்டியிருந்தாள். தோணியிலேயே கட்டியிருப்பாள்.

"ஓடைக்குக் காவலுன்னு ஊருபூரா தேடினோம்,
ஒசந்த குரல்காரி ஒருத்தியக் கண்டோம்;
சத்தமில்லாத் திருட்டு அவ சாதியில் இல்லையாம்,
சாட்சிக்குப் புகையை வானத்தில் வெச்சாளாம்."

வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும் என்பதுதான் சட்டம். நிக்கோலாசா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க மட்டி புதைப்பது இதைவிட லேசு. முடிந்ததும், இரண்டாவது வரி இடிக்குது என்று ஒன்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மீனும் வாழைக்காயும் தேங்காய்ப்பாலில் வெந்தன. ஞானத்தாய் என்ற முறைக்கு எர்மெலிந்தாவும் வந்து உட்கார்ந்தாள். செனைதா யாதிராவின் பழைய செருப்பில் இருந்தாள். பேச்சு நல்லபடியாகத் தொடங்கியது. வில்மெர் பொறுப்பான பையன் என்றார்கள், யாதிரா கெட்டிக்காரி என்றார்கள். தட்டில் மீனைப் பரிமாறும்போது எல்லோரும் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள்.

டக்.

நிக்கோலாசாவின் கை அகப்பையோடு நின்றது. உலகத்தில் வேறு யாருக்கும் அது கேட்காமல் போகலாம். கட்டிலுக்குக் கீழே இருந்து கேட்டாலும் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சத்தம் வந்தது நாற்காலியில் மாட்டியிருந்த சம்பந்தியின் கைப்பையிலிருந்து.

யாதிராவும் கேட்டுவிட்டாள். சேற்றங்கரையில் பிறந்த காது. அம்மா, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எர்மெலிந்தா வாழைக்காயை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிக்கோலாசா பேசாமல் பரிமாறியிருக்கலாம். மகள் கல்யாணம் மேசை மேல் இருக்கிறது. ஒரே ஒரு மட்டி. அகப்பையைச் சட்டியில் வைத்தாள்.

"சம்பந்தியம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் தொறக்கறீங்களா?"

செனைதாவின் முகம் சிவந்து, கழுத்தும் சிவந்தது. ஈரக் கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"கடையில காட்டத்தான். வாயால சொன்னா எவளும் நம்ப மாட்டா. ஒண்ணே ஒண்ணுதானே."

"எங்க கொழுந்தனும் இதையேதான் சொன்னாரு" என்றாள் நிக்கோலாசா. "நானும் சொல்லிக்கிட்டேன். எந்திரிங்க. தண்ணி ஏறதுக்குள்ள வெச்சுட்டு வந்துருவோம். மீனைச் சூடு பண்ணிக்கலாம்."

செனைதா மட்டியைப் பார்த்தாள். நிக்கோலாசாவைப் பார்த்தாள்.

"பூட்ஸ் இருந்தாக் குடுங்க" என்றாள் செனைதா, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. "ஒரு செருப்பை ஏற்கெனவே உங்க ஓடைக்குத் தானம் பண்ணிட்டேன்."

தோணியில் மடியில் மட்டியை வைத்துக்கொண்டு அவள்தான் கல்யாணப் பேச்சை முடித்தாள். கார்மேல் மாதா திருவிழா முடியட்டும், ஓடையைத் திறக்கட்டும், மறுநாள் கல்யாணம் என்றாள். எலுமிச்சை நான் கொண்டுவருகிறேன், மட்டி உங்கள் பக்கம் என்றாள். உள்ளங்கை அளவுக்குக் குறைந்தால் பந்தியில் உட்கார மாட்டேன் என்றும் சொல்லிவைத்தாள். வளையத்தில் நிற்பதுதான் கணக்கு, உள்ளங்கை எல்லாம் அவரவர் அதிர்ஷ்டம் என்று நிக்கோலாசா அங்கேயே பேரத்தை ஆரம்பித்தாள்.

துறையைத் தாண்டும்போது துணி அலசிக்கொண்டிருந்த பாசிலிசா நிமிர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் எங்கே ஊர்வலம் என்று கேட்டாள்.

"ஒரு திருடியைப் புடிச்சிருக்கேன்" என்றாள் நிக்கோலாசா. "சாயங்காலத்துக்குள்ள பாட்டைக் கட்டி வை. இந்தத் தடவை ரெண்டாவது வரியைச் சரியாக் கட்டு."

குருட்டோடை வாயில் நுழைந்ததும் நிக்கோலாசா புகைச்சட்டியை எடுத்து மடியில் வைத்தாள். கதம்பையை உடனே பற்றவைக்கவில்லை. ஓடைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தாள், ஈரத்துக்குப் புகை நன்றாக எழும்பட்டும், துறையில் இருக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று.